தகரப் பாலில் ஒரு நத்தார்த் தொதல்

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கடற்கரையில் ஐஸ் பெட்டி சுமந்தேன். பிறகு ஐஸ் ஆலையே கட்டினேன். மன்னாரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் ஐஸைவிட என் பெயரைப் பரப்பியது நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, நான் கிண்டும் தொதல் இனிப்புதான். எங்கள் பக்கத்தில் தொதல் கிண்டுவது ஆண்களின் வேலை. தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் பனங்கட்டியும் தாச்சிச் சட்டியில் இறுகும்போது அகப்பையை இழுக்கத் தோள் வேண்டும். மற்ற வீடுகளில் ஆள் மாறிக் கிண்டுவார்கள். என் வீட்டில் நான் ஒருவனே.

மகள் கனடாவில் இருக்கிறாள். சில வருடங்களுக்கு முன் அவளுடைய பிள்ளைப்பேற்றுக்குப் போன மனைவி அங்கே ஒரு நத்தாரைக் கழித்துவிட்டு வந்து, "அங்கை தொதலே இல்லையப்பா. உங்கட கை இல்லாமல் அதெல்லாம் ஒரு நத்தாரோ?" என்றாள். அந்தச் சொல்லைக் கோயில் வாசலில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

போன நத்தாருக்கு மகள் பிள்ளைகளோடு வந்தாள். நான் முற்றத்தில் விறகு அடுக்கிவிட்டுக் குசினிக்குள் போனேன். வளவில் தேங்காய் விழுந்து கிடக்க, அவள் தகரத்தில் அடைத்த தேங்காய்ப்பாலில் சோளமாவைக் கரைத்து, காஸ் அடுப்பில் சின்னச் சட்டியொன்றில் ஒற்றைக் கையால் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"இதென்ன பிள்ளை, பசையோ?"

"தொதல் அப்பா. அங்கை விறகு மூட்டேலுமே? புகை கண்டா மணி அடிக்கும், தீயணைக்கிறவன் கதவிலை நிப்பான். அம்மாதான் வந்து நிக்கேக்கை இப்பிடிச் செய்து காட்டினவா. என்ர பிள்ளையளுக்கு இதுதான் தொதல்."

மனைவியைப் பார்த்தேன். அவள் கஜு முந்திரியை உடைத்தபடியே, "நீங்கள் கோவிப்பியள் எண்டுதான் சொல்லேல்லை" என்றாள். பிறகு, "ருசியும் குறையில்லை" என்றாள்.

அன்றும் நான் என் தாச்சியைக் கிண்டினேன். ஆனால் நத்தார்க் காலையில் அயல் வீடுகளுக்குப் போன தட்டுகளில் மகளுடைய தொதலைத்தான் மனைவி வைத்தாள். வெட்ட வடிவாக இருக்கிறதாம். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால், "அண்ணை, இந்த முறைதான் பதம்! பல்லிலை ஒட்டேல்லை" என்றார்.

"அது கனடாத் தொதல். மனிசியைக் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

புகை ஆகாத நாட்டில் பிள்ளைகள் வேறென்ன செய்வார்கள்? அதற்கு எனக்குக் கோபமில்லை. ஆனால் இத்தனை வருடம் மனைவி என்னை ஊர் முழுக்கப் பொய் பேச விட்டாளே. உண்மையைச் சொல்லியிருந்தால், கனடாக்காரருக்கே தொதல் கிண்டச் சொல்லிக் கொடுத்தவள் என் மனைவி என்று அதையும் நான்தானே கோயில் வாசலில் சொல்லியிருப்பேன்.