கட்டுச்சோறு கட்டியாச்சு

யமுனாவுக்கு மலைமேல் இருக்கும் வாசலூர்பட்டியில் ஒரு குறையும் இல்லை. அதுதான் குறை. கணவன் சந்தோஷ்குமார் ஏரிப் பக்கம் கடை வைத்திருக்கிறான். மலையடிவாரத்துக்காரரான மாமியார் குழந்தையம்மாள் சோறாக்கி, பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பி, மருமகளின் லேப்டாப் பக்கத்தில் காபியும் வைத்துவிடுவார். இப்படிப்பட்ட வீட்டை விட்டுப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? அவளுக்கு மூச்சு முட்டியது.

வீட்டிலிருந்தே ஒரு பெங்களூர் கம்பெனிக்கு வேலை செய்தாள். கம்ப்யூட்டர்களைக் கண்காணிக்கும் அவர்களுடைய புரோகிராம், போன இடத்தில் இருக்கும் லைப்ரரிகளை, அதாவது துணைக் கோப்புகளை, நம்பி ஓடுவது. ஓரிடத்தில் அவை பழசாக இருக்கும், இன்னோரிடத்தில் இருக்கவே இருக்காது. உடனே படுத்துவிடும். நேரில் போய்ச் சரிசெய்ய பெங்களூரில் ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த வேலையை யமுனா கேட்டுவைத்தாள்; தயங்கித் தயங்கி வீட்டிலும் சொன்னாள்.

"கெடச்சா போ கண்ணு, நான் தடுக்கல" என்றான் சந்தோஷ்குமார். கிடைக்காது என்ற தைரியம்தான்.

தன் திறமையைக் காட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு வெறி வந்தது. துணைக் கோப்புகளையெல்லாம் புரோகிராமுக்குள்ளேயே சேர்த்துக் கட்டினாள். லினக்ஸ் மசிந்தது, விண்டோஸும் மசிந்தது. மேக் மட்டும் தன் அடிப்படை லைப்ரரியைத் தரமாட்டேன் என்று முரண்டு பிடித்தது. எல்லா மேக்கிலும் இருப்பதுதானே என்று அதை விட்டுவிட்டு மற்றதைக் கட்டினாள்.

மேலாளர் தனசேகரன் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். அவரிடம் போனில், "கட்டுச்சோறு கட்டியாச்சுங்க. இனி போற எடத்துல யாருகிட்டயும் கையேந்த வேண்டாம்" என்றாள்.

குழந்தையம்மாள் காதில் முதல் பாதிதான் விழுந்தது. அடிவாரத்தில் கட்டுச்சோறு என்றால், வாயும் வயிறுமாக இருப்பவளுக்குப் பிறந்த வீட்டார் கட்டிக்கொண்டு வருவது. கையைத் துடைத்தபடி ஓடிவந்தார்.

"ஏஞ் சாமி, எங்கிட்டச் சொல்லோணும்னு தோணலியா? எத்தன மாசம்?"

"அது கம்ப்யூட்டருக்குங்க அத்தை."

அத்தை நம்பவில்லை. அன்றிலிருந்து தண்ணீர்க்குடத்தைக்கூடத் தொடவிடவில்லை.

அடுத்த வாரம் தனசேகரன் கூப்பிட்டார். "பிரமாதமுங்க யமுனா. எங்க போட்டாலும் ஓடுது. இனி நேர்ல போய்ப் பாக்க ஆளே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நீங்க எதுக்குங்க இத்தன தூரம் வந்து அல்லாடோணும்? நிம்மதியா ஊட்டுலயே இருங்க."

"சரிங்க" என்றாள். கேட்ட வேலையைத் தன் கையாலேயே ஒழித்துக்கட்டியிருக்கிறாள். அழுகை வந்தது.

"இந்த நெலமையில வர வேண்டாம்னுட்டாங்களா சாமி?" என்று கேட்டார் அத்தை.

யமுனா தலையை மட்டும் ஆட்டினாள்.

"நல்ல மனுசங்க" என்றார் அத்தை.