புல் மட்டும் பச்சையாக இருந்தது

குருபரப்பள்ளிப் பக்கம் எங்கள் நிலமும் கொழுந்தன் நிலமும் ஒரு காலத்தில் ஒன்றாகக் கிடந்தவை. மாமனார் போனபிறகு நடுவில் வரப்பு போட்டுப் பாகம் பிரித்தார்கள். எங்கள் பாகத்தில் எப்போதும் நிலக்கடலைதான். அந்த வருஷம் என் வீட்டுக்காரர் கடலைக்கொடியை மக்கவிடாமல் அப்படியே போட்டு உழுதுவிட்டு, முதல்முறையாக சோயா விதைத்தார்.

பூ எடுக்கும் சமயத்தில் நிலத்தில் அங்கங்கே வட்டமாகச் செடிகள் மஞ்சளித்துத் தலை சாய்ந்தன. எங்கள் பக்கத்தில் பயிர் காய்ந்தால் யாரும் வேரைப் பார்ப்பதில்லை, வரப்புக்கு அந்தப் பக்கம்தான் பார்ப்பார்கள். அந்தப் பக்கம் கொழுந்தன் தன் தரிசில் களைக்கொல்லி அடித்திருந்தான். இவருக்கு அது போதும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறேன். வார்ப்பு இரும்புத் துண்டுகளில் விரிசல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பதே நாள் முழுக்க வேலை. உடைந்த இடத்தைப் பார்க்காமல் காரணம் எழுதினால் சூப்பர்வைசர் சும்மா விடமாட்டார். அன்று ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கத்தல் கேட்டது. யூனிபார்மோடு ஓடினேன்.

அதற்குள் முதல் அடி விழுந்திருந்தது. கொழுந்தன் வரப்பில் முழங்காலிட்டிருந்தான். மண்வெட்டிக் காம்பு தலையைப் பிளந்து, ரத்தம் காதைச் சுற்றி இறங்கிச் சட்டையை நனைத்தது. மருந்து இந்தப் பக்கம் காற்றில் வரவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். இவர் காதில் எதுவும் ஏறவில்லை. காம்பைத் திருப்பிப் பிடித்தார். இந்த முறை இரும்புப் பக்கம் மேலே போனது. கூடப்பிறந்தவனைக் கொன்றுவிடப் போகிறான் இந்த மனுஷன் என்று தெரிந்துவிட்டது. தடுக்கும் பலம் என்னிடம் இல்லை.

காலடியில் பார்த்தேன். செத்த சோயாவுக்கு நடுவே புல் கொழுகொழுவென்று நின்றது. களைக்கொல்லி பட்டிருந்தால் முதலில் கருகவேண்டியது அதுதானே? சாய்ந்த செடி ஒன்றைப் பிடித்து இழுத்தேன். வேர் மண்ணிலேயே நின்றுவிட, தண்டு மட்டும் கையோடு வந்தது. மண்ணைத் தொடும் இடம் அழுகி, வெள்ளைப் பஞ்சு நூல் சுற்றியிருந்தது. நூலில் கடுகு கடுகாகப் பழுப்பு உருண்டைகள். கடலையில் தண்டழுகல் வந்த வருஷம் பார்த்த அதே பூஞ்சாணம். மக்காத கொடியைத் தின்று வளர்ந்து சோயாவுக்கு வந்திருக்கிறது.

அந்தத் தண்டை அவர் மூக்கில் இடிக்கிற மாதிரி நீட்டினேன்.

"மருந்து பட்டிருந்தா இந்தப் புல்லு ஏன் பச்சையா இருக்குது? பாருங்க. நீங்க பொதச்ச கொடியில வந்த பூஞ்சாணம் இது. இதுக்கா தம்பியக் கொல்றீங்க?"

அவர் பார்த்தார். புல்லையும் தண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மண்வெட்டி கைநழுவிக் கீழே விழுந்தது.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது, பைக்கில் இருந்து விழுந்துவிட்டேன் என்று கொழுந்தனே சொன்னான். இவர் வெளியே சுவரில் சாய்ந்து அழுதார். எனக்கு ஆறுதல் சொல்லப் பிடிக்கவில்லை. சாய்ந்த செடிகளை மண்ணோடு எடுத்து எரித்து, மீதிக்கு வேரில் மருந்து ஊற்றினோம். பாதிக்கு மேல் பிழைத்தது.

தையல் பிரித்தபிறகு ஒருநாள் கொழுந்தன் வரப்பை உயர்த்திக்கொண்டிருந்தான். அந்த உருண்டைகள் தண்ணீரில் மிதந்து வரும், உங்கள் நிலத்துத் தண்ணீர் இந்தப் பக்கம் வரக்கூடாது அண்ணி என்றான். சரிதான்.

இவருக்குப் பொறுக்கவில்லை. தம்பியிடம் எப்படியாவது ஒரு வார்த்தை பேசிவிடவேண்டும் என்று, நானும் மண் அள்ளிப் போடுகிறேன் என்று மண்வெட்டியோடு வரப்பில் ஏறினார். நிமிர்ந்து பார்த்த கொழுந்தன் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.