நான் வெட்டிய கடைசி இரண்டு வரிகள்

அந்தப் பெண் திருத்தத்தைப் படித்தாளா, இல்லையா? ஒன்றரை வருடமாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. மகளுக்குச் சோறு ஊட்டும்போது வரும், பஸ்ஸுக்கு நிற்கும்போது வரும். பதில் மட்டும் இன்னும் வரவில்லை.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் அச்சாகிப் பல நாடுகளுக்குப் போகும் ஓர் ஆங்கில நாளிதழில், வாரம் ஒருமுறை வரும் தொழில்நுட்பச் செய்திப் பக்கத்துக்கு நான் ஆசிரியர். கல்யாணத்துக்கு முன் அதன் சென்னை அலுவலகத்தில் நான்கு வருடம் இருந்தேன். கணவருக்குக் கொடைக்கானலில் பள்ளி ஆசிரியர் வேலை கிடைத்ததும் ராஜினாமா எழுதினேன். மேலதிகாரி அதைத் திருப்பிக் கொடுத்து, “தபாலிலேயே பாருங்கள்” என்றார். சனிக்கிழமை நிருபர்களின் செய்திக்கட்டு மலைக்கு வரும். ஞாயிறு கோயிலுக்குப் போய் வந்ததும் உட்கார்ந்து நீலப் பென்சிலால் திருத்துவேன். திங்கட்கிழமை பஸ்ஸில் கட்டு இறங்கி, ரயிலேறி, சென்னை போய்ச் சேரும். வியாழக்கிழமை நண்பகலில் அங்கிருந்து டெலக்ஸில் அச்சகத்துக்குப் போய்விடும்.

கம்ப்யூட்டரை நான் நேரில் பார்த்தது இரண்டே முறை. எங்கள் வீட்டில் டெலிபோன்கூடக் கிடையாது. ஆனாலும் உலகத்துக்குப் புதுக் கருவிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கம்பக்கத்தில் யாருக்கும் இது பிடிபடவில்லை. கணவரின் வேலையை வைத்து என்னை டீச்சரம்மா என்றே கூப்பிட்டார்கள்.

மகளுக்கு அப்போது ஐந்து மாதம். அவள் தூங்கினால் எனக்குப் பயம். மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். குளிரில் விரல் மரத்துப்போய் மூச்சு தெரியாது. கன்னத்தைக் கொண்டுபோய் வைப்பேன். அவள் விழித்து அழுவாள். அழுத பிறகுதான் எனக்கு நிம்மதி.

அந்த வாரக் கட்டில் இருந்தது அப்படிப்பட்ட தாய்மார்களுக்கான கருவி. குழந்தையின் விரிப்புக்கு அடியில் ஒரு தட்டு. மூச்சு நின்றால் மணி அடிக்கும். கடைக்கு வந்துவிட்டதாம். செய்தியை அனுப்பியவர் புதிய நிருபர், முன்பு பொறியாளராக இருந்தவர். எனக்கிருந்த இடத்தைவிடச் செய்தி இரண்டு வரி நீளம்.

எங்கள் தொழிலில் செய்தியைக் கீழிருந்துதான் வெட்டுவோம். முக்கியமானது மேலே இருக்கும், போனால் பரவாயில்லை என்பது கடைசியில் வரும் என்று எழுதுகிறவருக்கும் தெரியும், திருத்துகிறவருக்கும் தெரியும். அந்த நம்பிக்கையில் கடைசி இரண்டு வரிகளை அடித்தேன். அந்தப் பழக்கம் பொறியாளருக்குத் தெரியாது என்பது எனக்குத் தோன்றவில்லை. மறக்கக்கூடாததைப் பொறியாளர்கள் கடைசியில் எழுதுவார்களாம். இதைப் பிறகு அவரே கடிதத்தில் சொன்னார்.

புதன்கிழமை மதியம் மழை. எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா, கரி அடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்துக் குழந்தையின் துணிகளைக் காயவைத்துக்கொண்டிருந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் அவருடையது. பேச்சுவாக்கில் அந்தக் கருவியைப் பற்றிச் சொன்னேன்.

“புள்ள தனியாவா படுக்கும்?” என்றார்.

“வெளிநாட்டுல தனிக் கட்டில் போடுவாங்கக்கா.”

“எல்லாரும் போடுவாங்களா? தோட்டத்துல ஒரு காம்பரா ரூமுல நாங்க ஏழு பேரு. புள்ளயக் கட்டிக்கிட்டுத்தான் படுப்போம். நீங்களும் அப்படித்தானே படுக்குறீங்க? ஆத்தாவும் கூடப் படுத்தா, அந்த மிசினுக்கு யாரு மூச்சுன்னு எப்புடித் தெரியும்?”

அந்த இரண்டு வரிகள் சொன்னது அதைத்தான். பெரியவர் யாராவது அதே படுக்கையில் இருந்தால் கருவி அவர் மூச்சையே கணக்கில் எடுத்துக்கொள்ளும், குழந்தையின் மூச்சு நின்றாலும் மணி அடிக்காது.

ஞாயிற்றுக்கிழமை அதைப் படிக்கத்தான் செய்தேன். எப்படி விட்டேன்? எனக்கே அந்தக் கருவி வேண்டும் என்ற ஆசையில் மேல் வரிகள் மட்டுமே மனதில் நின்றனவோ என்று இன்றும் சந்தேகம்.

குழந்தையைச் சால்வையில் சுற்றிக்கொண்டு தபாலாபீசுக்கு ஓடினேன். சென்னைக்கு ஒரு டிரங்க் கால் போட்டால் போதும், அந்த இரண்டு வரிகளை ஒரு நிமிடத்தில் சேர்த்துவிடுவார்கள்.

“லைன் செத்துக் கெடக்கும்மா,” என்றார் கவுண்டரில் இருந்த குமாஸ்தா. “பெருமாள்மலைக்குக் கீழ மரம் சாஞ்சு கம்பியெல்லாம் அந்து கெடக்கு. ரோட்டச் சரி பண்ணிட்டாங்க, பஸ் ஓடுது. கம்பிக்குத்தான் ரெண்டு நாளாகும்.”

“அர்ஜென்ட் கால் போடுங்களேன்.”

“அர்ஜென்ட்னு சொன்னா மரம் எந்திரிச்சு நின்னுக்குமா?” என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “வீட்டுல யாருக்கும் முடியலையா?”

“இல்லைங்க. பேப்பர்ல ரெண்டு வரி விட்டுப்போச்சு.”

“அட, அதானா? எங்க வீட்டுக்கு வர்ற பேப்பர்ல பாதி வரிதான் தெரியுது. அதையே ஒரு மாதிரியா படிச்சுக்கிட்டுக் கெடக்கோம். போங்கம்மா.”

தந்தியும் அதே கம்பியில்தான் போக வேண்டும். மலையிறங்கி வத்தலக்குண்டு போனால் ஏதாவது கடை டெலிபோனிலிருந்து இரவானாலும் பேசலாம். பஸ் நிலையத்தில் கடைசி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஏறக் காலை வைத்தேன். குழந்தை இருமினாள். அவளுக்குச் சளி, வெளியே மழை, வளைவு வளைவான மலைப்பாதை. கணவர் பள்ளியிலிருந்து வர இன்னும் நேரமிருந்தது. அக்காவிடம் குழந்தையை விட்டுப் போகலாம், ஆனால் பால் குடிக்கிற பிள்ளை. நான் காலைக் கீழே வைத்தேன்.

டெலிபோனில் ஆங்கில வரிகளைச் சொல்லக் கண்டக்டருக்கு வராது என்று, தந்தி வாசகத்தைத் தாளில் எழுதி அவரிடம் கொடுத்தேன்.

“குடுங்க டீச்சரம்மா. நான் எறங்குறப்ப தந்தி ஆபீஸ் பூட்டிருக்கும். காலைல வெள்ளனே போயி வாசல்ல நின்னுருவேன், மொத சோலி இதுதான். நீங்க மொதல்ல பிள்ளையப் போத்துங்க, நடுங்குது பாருங்க.”

அவர் சொன்னபடியே செய்தார். வியாழக்கிழமை ஆபீஸ் திறந்ததும் தந்தி கொடுத்துவிட்டார். சென்னை அலுவலகத்துக்கு அது மதியம் இரண்டு மணிக்கு வந்தது. பக்கம் பன்னிரண்டு மணிக்கே அச்சகத்துக்குப் போய்விட்டது.

மறுவாரம் திருத்தம் போட்டார்கள். இரண்டாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில். நானே தேடித்தான் கண்டுபிடித்தேன்.

ஒரு மாதம் கழித்து, வாசகர் கடிதம் ஒன்றை அலுவலகம் எனக்கு அனுப்பியது. வேறொரு நாட்டில் இருக்கும் ஒரு தாய் எழுதியிருந்தாள். எங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு அந்தக் கருவியை வாங்கினாளாம். “குழந்தை எங்கள் இருவருக்கும் நடுவில் படுக்கிறான். மணி பார்த்துக்கொள்ளும் என்ற தைரியத்தில் பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்குகிறேன். அந்தச் செய்தியைப் போட்டவருக்கு என் நன்றி.” கடிதத்தின் தேதி, திருத்தம் வந்து மூன்று வாரத்துக்குப் பிந்தையது. கீழே அவள் பெயரும் ஊரும் மட்டும் இருந்தன. தெருப்பெயர் இல்லை. உறையை அலுவலகத்தில் கிழித்துப் போட்டுவிட்டார்கள்.

மறுநாளே எச்சரிக்கையை முதல் வரியாக வைத்துப் புதிதாக ஒரு செய்தி எழுதி அனுப்பினேன். மேலதிகாரி அதைப் போடாமல் நீக்கிவிட்டார். “திருத்தம் ஒரு முறைதான் போடுவோம். நம் கடமை முடிந்தது,” என்று எழுதினார். அவர் கெட்டவர் இல்லை. தொழிலின் வழக்கத்தைத்தான் சொன்னார். நானும் வழக்கப்படிதானே வெட்டினேன்?

பெயரையும் ஊரையும் மட்டும் போட்டு அவளுக்கு நேரடியாக ஒரு கடிதம் எழுதினேன். மூன்று மாதம் கழித்து, முகவரி போதாது என்ற முத்திரையோடு அது திரும்பி வந்தது. கணவர், “வேறு வழியில் அவளுக்குத் தெரிந்திருக்கும், விட்டுவிடு,” என்கிறார். அக்கா கேட்ட கேள்வி வேறு. “பஸ்ஸுல நீங்க போயிருந்தா அன்னைக்கே பேசியிருப்பீங்க, இல்லைங்களா?” குத்திக்காட்ட அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் துணி மடிக்கப் போய்விட்டேன்.

இப்போது நான் எந்தச் செய்தியையும் கீழிருந்து படிக்கத் தொடங்குகிறேன். அதனால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை.

என் மகள் இப்போது வீடெல்லாம் ஓடுகிறாள். அந்தப் பையனும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். போன மாதம், அந்த நாட்டில் மருத்துவமனையில் வேலை பார்க்கும் என் பள்ளித் தோழி விடுமுறைக்கு வந்தாள். என் கடிதத்தைக் கொடுத்தால் அந்த ஊரில் விசாரித்துச் சேர்ப்பதாகச் சொல்கிறாள். அவள் வீட்டுக்கு இன்னொரு குழந்தை வந்திருந்தால் அதே கருவி மறுபடியும் விரிப்புக்கு அடியில் போகும். அதை நினைத்தால் இன்றே கொடுத்துவிடத் தோன்றுகிறது. பையனுக்கு ஏதாவது ஆகியிருந்தால், என் கடிதம் அந்தத் தாய்க்கு என்ன செய்யும்? அதை நினைத்தால் கை நின்றுவிடுகிறது.

தோழி இந்த மாதக் கடைசியில் திரும்பிப் போகிறாள். அதற்குள் இதைப் படிக்க நேர்ந்தால் சொல்லுங்கள், பிந்திப் படித்தாலும் சொல்லுங்கள். உங்களில் பிள்ளை பெற்றவர்கள், அந்தப் பெண்ணின் இடத்தில் உங்களை வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். அந்தக் கடிதம் உங்கள் வீட்டுக்கு வர வேண்டுமா, வேண்டாமா?