ஜிம்மியின் சடையும் தொட்டியம் சித்தியும்

இன்று நாய்களுக்கு முடி திருத்தும் கடையில்...

(ஆமாம், திருச்சியில் அதற்கும் கடை வந்துவிட்டது. ஏசி வேறு!)

எங்கள் வீட்டுப் பொமரேனியனுக்கு நகம் வெட்டப் போயிருந்தேன். கவுன்டரில் இருந்த பெண் அதன் காதுக்குப் பின்னால் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தாள்.

"ஒரு சிக்கு கூட இல்லைங்களே மேடம்! எப்போ சீவுவீங்க?"

"தினமும். குளிக்கறதுக்கு முன்னாடி."

"நாய் குளிக்கறதுக்கு முன்னாடிங்களா?"

"இல்லைம்மா. நான் குளிக்கறதுக்கு முன்னாடி!"

அவள் முழித்த முழி இருக்கிறதே! அவளுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் எங்கள் வீடு. அப்பாவுக்கு ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம். மாற்றலாகிப் போன மேலதிகாரி, தன் சடைநாயை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு ரயிலேறிவிட்டார். மேலதிகாரியிடம் முடியாது என்று சொல்லி அப்பாவுக்குப் பழக்கமில்லை. (அம்மாவிடமும் இல்லை என்பது தனிக்கதை.)

வெள்ளை வெளேரென்று வந்து இறங்கினான் ஜிம்மி!

அம்மாவோ ஆசாரத்தில் ரொம்பக் கறார். விடிகாலையில் குளித்து மடிப்புடவை கட்டினால், பெருமாளுக்குத் தளிகை சமைத்துப் படைக்கிற வரை பெற்ற பெண் என்னையே கிட்டச் சேர்க்க மாட்டாள். நாய்க்குக் கொல்லைத் தாழ்வாரத்தோடு எல்லை முடிந்தது.

ஜிம்மியின் பராமரிப்பு முழுக்க அப்பாவின் இலாகா.

"ஆம்பளைப் பிள்ளைதானே! சனிக்கிழமை எண்ணெய் தேச்சு விட்டா போறும்."

தனக்குத் தேய்த்துக்கொள்ளும் நல்லெண்ணெயில் ஜிம்மிக்கும் ஒரு கை! அதன் மேல் சீயக்காய். அதன் மேல் கொல்லை மண்ணில் ஒரு புரளல் (இது ஜிம்மியின் சொந்த ஏற்பாடு). சீப்பு மட்டும் ஒருநாளும் படவில்லை. நாய்க்குத் தலை வாரலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

சில மாதங்களில் முடியெல்லாம் திரிதிரியாகித் தடித்துப்போனது. கிட்டப் போனால் நாற்றம். தொட்டால் உறுமல். நான் ஸ்கூல் விட்டு வந்தால் துள்ளிக்கொண்டு ஓடி வருகிறவன், படுத்த இடத்திலிருந்து வாலை மட்டும் ஆட்டினான். எனக்கு அழுகை அழுகையாக வரும்.

அப்புறம் வந்தது அந்த வெள்ளிக்கிழமை.

பெருமாளுக்கு வைத்திருந்த பாயசத்தில் முடி! நீளமாக, வெள்ளையாக, யாருடையது என்று சந்தேகத்துக்கே இடமில்லாமல்!

"இந்த ஆத்துல நான் இருக்கணுமா, அது இருக்கணுமான்னு நீங்களே சொல்லுங்கோ!"

அப்பா சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் ஏறி, தொட்டியத்தில் சித்தப்பாவின் வாழைத்தோப்பில் ஜிம்மியை விட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. நான் சாப்பிட மாட்டேன் என்று குப்புறப் படுத்துக்கொண்டேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. (அந்தக் காலம்!)

ஞாயிறு காலை. அப்பா குடையும் பையுமாகத் தயார். குளிக்கக் கிளம்பிய அம்மா, ஜிம்மியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன்னா, இதை இப்படியேவா கொண்டுபோறேள்?"

"பின்னே?"

"உங்க தம்பி ஆம்படையா என்ன சொல்லுவா? போன தடவை வந்தப்போ என் பித்தளைக் குடத்தைக் கவுத்து அடியைப் பார்த்தவ அவ! மன்னி நாய் வளர்த்த லட்சணத்தைப் பாருங்கோன்னு தொட்டியம் பூரா சொல்ல மாட்டாளா?"

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"எப்படியும் குளிக்கத்தானே போறேன். அந்தப் பெரிய பல்லு சீப்பை எடுத்துண்டு வாடி!"

எனக்குத் தலை பின்னுகிற அதே முறைதான். முதலில் நுனி, பிறகு மெல்ல மெல்ல மேலே. "அசையாதேடா!" என்று அதே அதட்டல். குட்டு மட்டும் கிடையாது. (எனக்கு உண்டு!)

காதுக்குப் பின்னால் கல் மாதிரி ஒரு முடிச்சு. கத்தரிக்கோலால் பதமாக வெட்டி எடுத்தாள். அடியில் தோல் செக்கச்செவேலென்று புண்ணாகிக் கிடந்தது. சுற்றிலும் உண்ணிகள்.

அம்மாவின் கை நின்றுவிட்டது.

"அடப்பாவமே! வலியிலேயா உறுமித்து இது? நாம கோபம்னு நினைச்சுட்டோமே!"

உண்ணிகளைப் பிடுங்கிப் போட்டு, புண்ணில் மஞ்சளைக் குழைத்துத் தடவினாள். ஜிம்மி அம்மாவின் முழங்காலில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். அம்மா தள்ளவில்லை.

வாரி முடித்தபோது பக்கத்தில் இன்னொரு நாய் செய்கிற அளவுக்கு முடிக் குவியல். வெயிலில் ஜிம்மி புசுபுசுவென்று பளபளத்தான்.

"நாழியாறது, பஸ் போயிடும்" என்றார் அப்பா. நான் ஜிம்மியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அம்மா ஜிம்மியைப் பார்த்தாள். கையிலிருந்த சீப்பைப் பார்த்தாள்.

"இடுப்பொடிய சீவினது நானு! இவ்வளவு அழகா ஆக்கி, அவ கையில கொண்டு குடுக்கணுமா? எங்காத்து நாயைப் பாருங்கோன்னு அவ பெருமையடிச்சுக்கவா? குடையை உள்ளே வையுங்கோ!"

அப்பா குடையை உள்ளே வைத்தார். நான் எழுந்து சாப்பிட்டேன். (மறுசாதம் கேட்டு!)

அன்றிலிருந்து தினமும் முதலில் ஜிம்மிக்குச் சீப்பு, அப்புறம் அம்மாவுக்குக் குளியல். உதிர்கிற முடியெல்லாம் கொல்லையிலேயே சீப்போடு வந்துவிடும். அதற்குப் பிறகு பாயசத்தில் முந்திரியைத் தவிர வேறெதுவும் அகப்படவில்லை!

வைகுண்ட ஏகாதசிக்குத் தொட்டியம் சித்தி வந்தாள். குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். அப்புறம் ஜிம்மியைக் கூப்பிட்டு, காதுக்குப் பின்னால் விரலை விட்டுத் துழாவினாள்.

ஒரு சிக்கு இல்லை!

அம்மா சிரிக்கக்கூட இல்லை. "காபி சாப்பிடறியா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் குரலில் இருந்த வெற்றியை நான் இன்றுவரை வேறெங்கும் கேட்டதில்லை.

அதனால் நட்புகளே, உங்கள் வீட்டு நாயின் காதுக்குப் பின்னால் இப்போதே ஒரு தடவை விரலை விட்டுப் பார்த்துவிடுங்கள்.

சித்தி வருவதற்குள்!