முழங்கைத் தையல்

"மறுபடியும் இடப்பக்கம் போட்டீங்க ஜீவிபென். இன்னைக்குக் கிழிசலுக்குத்தான் மவுசு" என்றாள் எதிர்மேசை தேஜல்.

ஜீவி கூடைக்குள் எட்டி அந்த ஜீன்ஸைத் திரும்ப எடுத்தாள். இரண்டு முட்டியிலும் ஓட்டை. பத்தொன்பது வருடமாக ஓட்டை என்றால் இடப்பக்கக் கூடைதான். அங்கிருந்து வெட்டுமிடத்துக்குப் போய், பட்டறைகளில் எண்ணெய் துடைக்கிற துணியாகிவிடும். நல்லது வலப்பக்கம், அது மூட்டையாகி ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறும். ஒரு துணிக்கு இரண்டு நொடி. யோசித்தால் மலை குறையாது.

காண்ட்லா துறைமுகத்தின் அந்தக் கிடங்குக்குக் கனடாவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பழைய துணி வருகிறது. ஊரையே தரைமட்டமாக்கிய பூகம்பம் முடிந்து சில வருடம் கழித்து, ராபர் பக்கத்துக் கிராமத்திலிருந்து புருஷனோடு காந்திதாம் வந்தவள் ஜீவி. அவன் உப்பு மூட்டை தூக்கப் போனான், இவள் இங்கே வந்தாள். முதல் வாரம், அந்தத் தேசங்களில் ஏதோ கொள்ளைநோய் வந்து சனங்கள் செத்திருப்பார்கள் என்றே நினைத்தாள். இல்லாவிட்டால் இவ்வளவு நல்ல துணியை யார் விடுவார்கள்? பிறகு விலைச்சீட்டுகூடக் கிழிக்காத சட்டைகள் வரத் தொடங்கின. யாரும் சாகவில்லை, அலுத்துப்போய்விட்டது, அவ்வளவுதான் என்று புரிந்தது. வருடா வருடம் மூட்டை கூடியது, துணி மெலிந்தது. இப்போது வருவதில் பாதி, இரண்டு துவைப்பு தாங்காது.

அதனால்தான் மேலாளர் ஹரேஷ்பாய் புது வழி தேடினார். பாங்காக்கிலிருந்து வரும் சோம்போன் என்ற வியாபாரிக்குப் பழசு வேண்டும். நாற்பது ஐம்பது வருடத்துக்கு முந்தியது, வெளுத்தது, உழைத்தது. புதுசைவிட அதற்குப் பத்து மடங்கு விலை. அதைப் பொறுக்கத் தனி மேசை போடப்போகிறார்கள். இன்றைக்கு ஜீவிக்கும் தேஜலுக்கும் ஆளுக்கொரு மூட்டை. யார் பொறுக்கியது சோம்போனுக்குப் பிடிக்கிறதோ, மேசை அவளுக்கு.

அந்த மேசையில் உட்கார்ந்து வேலை செய்யலாம். ஜீவிக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. மூன்று வருடமாக முட்டியில் பட்டைத்துணி சுற்றிக்கொண்டு நிற்கிறாள். சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் ஏற, கம்பியைப் பிடித்து உடம்பை இழுக்க வேண்டியிருக்கிறது.

மூட்டையின் அடியில் ஒரு நீல வேலைச்சட்டை அகப்பட்டது. கனத்த பருத்தி, கழுத்துப்பட்டை வெளுத்து வானநிறமாகியிருந்தது. தொட்டதுமே தெரிந்தது, இதுதான். வலது முழங்கையில் மட்டும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓட்டை.

"எதையும் தொடாதீங்க, பொறுக்குங்க போதும்" என்று ஹரேஷ்பாய் சொல்லியிருந்தார். ஆனால் அங்கே எல்லாப் பெண்களும் ரவிக்கையில் ஊசி குத்தி வைத்திருப்பார்கள். ஒரு பொத்தான் தைத்தால் இரண்டாம் ரகம் முதல் ரகமாகும். மேசைக்கும் நல்ல பெயர். சாப்பாட்டு நேரத்தில் கம்பு ரொட்டியையும் பூண்டுச் சட்னியையும் அவசரமாக முடித்துவிட்டு, அந்தச் சட்டையின் உள்மடிப்பிலிருந்தே நூல் உருவி, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி ஓட்டையை மூடினாள். செய்து முடித்த பிறகுதான், செய்ததே அவளுக்கு உறைத்தது.

சோம்போன் மூன்று மணிக்கு வந்தார். பத்து வருடமாக இந்தியா வந்துபோகிறவர், உடைந்த இந்தி பேசுவார். தேஜலின் குவியலைப் பார்த்துத் தலையாட்டினார். ஜீவியின் குவியலில் நீலச் சட்டையை எடுத்ததும் நின்றுவிட்டார். முழங்கையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"பாருங்க ஹரேஷ்பாய். போட்டிருந்தவன் தானே தச்சிருக்கான். அதே நூல், அந்தக் காலத்து நூல். என்ன கை! இதுக்குத்தான் காசு."

ஹரேஷ்பாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அது நான் தச்சது" என்றாள் ஜீவி. "மத்தியானம்."

சோம்போன் சட்டையைத் திருப்பி உள்மடிப்பைப் பார்த்தார். நூல் உருவிய இடம் தெரிந்தது. கோபப்படவில்லை, சட்டையை மடித்துத் தனியே வைத்தார்.

"நல்ல வேலைம்மா. ஆனா எனக்கு வேணாம். இப்படி ஒண்ணு கலந்துட்டா, என் கடைக்கு வர்றவன் அப்புறம் எதையும் நம்பமாட்டான்."

தேஜலின் குவியலை எடைபோடச் சொன்னார்.

அவர் கார் வெளிக்கதவைத் தாண்டியதும் ஹரேஷ்பாய் வந்தார். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலையா? அவர் உங்கள ஒண்ணும் கேக்கலையே. செத்துப்போன யாரோ ஒரு வெள்ளைக்காரனப் பாராட்டிட்டு இருந்தார்."

"அதனாலதான் சொன்னேன்."

அவர் தாடையைச் சொறிந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி, விடுங்க. அவராலேயே கண்டுபிடிக்க முடியலைன்னா எவனாலயும் முடியாது. வேற ஆளுங்க இருக்காங்க வாங்கறதுக்கு. பின்னறையில உக்காந்து இந்த மாதிரி தச்சுக் குடுங்க. ஸ்டூல் என்ன, சாயற நாற்காலியே போடுறேன். ஃபேனும்."

ஜீவி முட்டியைத் தேய்த்தாள். "யார் தச்சதுன்னு சொல்லுவீங்க?"

"பழசுன்னு சொல்லுவோம். வேறென்ன?"

ஜீவி தன் மேசைக்குத் திரும்பினாள். சாயங்காலம் கைகழுவும்போது தேஜல் பக்கத்தில் வந்து, "என்மேல வருத்தமா?" என்றாள்.

"உன்மேல எதுக்குடி? நீ என்னத்தப் பொறுக்கினே?"

"என் மாமியார் தூக்கிப் போடுன்னு சொல்றது எல்லாத்தையும்."

ஜீவி சிரித்துவிட்டாள். போகிற வழியில் ஹரேஷ்பாயின் அறை வாசலில் நின்றாள்.

"பின்னறை வேணாம் ஹரேஷ்பாய். நான் தச்சத இன்னொருத்தன் தச்சதுன்னு விக்கிறதுக்குப் பதிலா, நான் நின்னுக்கிட்டே இருந்துட்டுப் போறேன்."

"உங்க இஷ்டம். முட்டி உங்களுது" என்றார் அவர், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

மறுநாள் இரண்டு கன்டெய்னர் வந்தது, இரண்டும் கனடாவிலிருந்து. தேஜல் புது மேசைக்குப் போனாள். அவள் இடத்தில் பசாவு ஊரிலிருந்து வந்த ஒருத்தி நின்றாள். ஜீவி எட்டரைக்கு முதல் மூட்டையைப் பிரித்தாள். பெரும்பாலும் குழந்தைத் துணி, கொஞ்சம் கம்பளி. பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் போய் அரைமணியில் வந்தது. சாயங்காலம் வரை நின்றபடியே ஆறு மூட்டை பார்த்தாள்.