பாப்பாவுக்குப் பதினேழு விநாடி

போன ஞாயிறு காலை பத்தரை மணிக்கு எனக்கு வேர்த்துக் கொட்டியது. டெல்லி மோதி பாகில். டிசம்பர் குளிரில். ஹீட்டர்கூடப் போடவில்லை.

"என்னங்க இப்படி வேர்க்குது? பிரஷர் மாத்திரை போட்டாச்சுல்லா?" என்றாள் என் மனைவி வசந்தி, சமையலறை வாசலில் நின்றபடி.

மாத்திரை போட்டாயிற்று. பிரச்னை என் கையிலிருந்த சின்ன வயர்லெஸ் செட்டில். அதன் பக்கவாட்டில் ஒரு பட்டன். அதை அழுத்திக்கொண்டு பேசினால் டெல்லி முழுக்கக் கேட்கும். அதற்குத்தான் அவ்வளவு பயம்.

உங்களிடம் ஒன்றை இத்தனை வாரமாகச் சொல்லாமல் இருந்துவிட்டேன். எனக்குத் திக்குவாய். எழுத்தில் தெரியாது பாருங்கள்... அதனால்தான் இந்தப் பத்தியை எழுதுகிறேனோ என்னவோ.

எல்லா எழுத்தும் படுத்துவதில்லை. 'ப' மட்டும்தான். உதடு ஒட்டினால் ஒட்டியதுதான். டெல்லிக்கு வந்தது ஒரு விதத்தில் நல்லதாயிற்று — தப்பித்து ஓட மூன்று மொழி. பால் வராவிட்டால் தூத். பூண்டு வராவிட்டால் லஹ்ஸுன். பனீர்தான் ஆளைக் கவிழ்த்தது. தமிழிலும் பனீர், இந்தியிலும் பனீர், இங்கிலீஷிலும் பனீர். கடையில் விரலை நீட்டித்தான் வாங்குவேன்.

மீதியை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நம் ஜனங்களிடம் இரக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. நான் 'ப' என்று ஆரம்பித்தால் சுற்றியிருக்கும் நாலு பேரும் வாக்கியத்தை முடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆபீஸ் மீட்டிங்கில் என் ஃபைலைப் பற்றிப் பக்கத்து சீட்காரர் பேசிவிடுவார். வசந்தி இருபத்தாறு வருடமாக முடித்துக் கொடுக்கிறாள். சில சமயம் நான் சொல்ல வந்தது வேறாக இருக்கும். போகட்டும் என்று தலையாட்டிவிடுவேன். பூரி கேட்கப் போய்ப் பொங்கல் சாப்பிட்ட காலைகள் எத்தனையோ.

இப்படிப்பட்டவன் எதற்கு ஹாம் ரேடியோ பக்கம் போனேன்? நியாயமான கேள்வி. அரசு வைக்கும் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, சொந்த வயர்லெஸ் செட்டில் முன்பின் தெரியாதவர்களோடு பேசும் பொழுதுபோக்கு அது. பரீட்சையை எழுதினால் போதும், வாய்க்கு வேலை இல்லை... பாஸ். அப்புறம் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

லைசென்ஸ் வந்தது. அதில் என் கால்சைன். ஒவ்வொரு ஹாமுக்கும் அரசு கொடுக்கும் அடையாளம் அது. வேறு ஒருவருக்கும் அதே கால்சைன் கிடையாது. அதை எழுத்து எழுத்தாக, ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள தனிச் சொல்லால் சொல்ல வேண்டும். இந்தியாவில் எல்லோரும் விக்டர், யூனிஃபார்ம் என்று ஆரம்பிப்போம். என் கடைசி எழுத்து P. அதற்கு என்ன சொல் தெரியுமா? பாப்பா. ஒன்றல்ல, இரண்டு 'ப'.

வேறு சொல்லுக்குத் தாவலாமா? பாரிஸ், பஞ்சாப், பெப்பர்... எந்தத் தெருவுக்குப் போனாலும் முனையில் அதே ஆள் நிற்கிறான்.

ஞாயிறு காலைகளில் டெல்லி ஹாம்கள் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். ஒவ்வொருவராகக் கால்சைன் சொல்லி ஆஜர் கொடுக்க வேண்டும். நடத்துபவர் கரோல் பாகில் பல் டாக்டராக இருக்கும் ஒரு பெண்மணி. "நயே லோக், ஆ ஜாயியே" என்று புதியவர்களைக் கூப்பிடுவார். மூன்று ஞாயிறு கூப்பிட்டார். மூன்று ஞாயிறும் பட்டனைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். பல் டாக்டருக்குப் பயப்படுவது சகஜம்தான்; ஆனால் இவ்வளவு தூரத்திலிருந்தா?

ஐம்பத்து மூன்று வயதில் நானாகத் தேடிப் போய் வாங்கிய அடையாளம். அதைக்கூட என் வாயால் சொல்ல முடியாதா? வெட்கமாக இருந்தது. நாலாவது ஞாயிறும் முடியாவிட்டால் செட்டை டப்பாவில் போட்டு மூடிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

"நயே லோக்?" என்றது செட்.

அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. விக்டர் வந்தது. யூனிஃபார்ம் வந்தது. எண் வந்தது, நடு எழுத்துகளும் வந்தன. அப்புறம் உதடு ஒட்டிக்கொண்டது.

சுவர்க் கடிகாரத்தில் விநாடி முள் ஓடுகிறது. என் மூச்சை ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது. வசந்தி பக்கத்தில் வந்துவிட்டாள். குளியலறையில் நான் பயிற்சி செய்ததைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு என் கால்சைன் மனப்பாடம். வாயைத் திறந்தவள், சட்டென்று கையால் பொத்திக்கொண்டாள். லைசென்ஸ் இல்லாதவர் இதில் பேசக் கூடாது, சட்டம் பாயும் என்று நானே அவளைப் பயமுறுத்தி வைத்திருந்தேன்.

சரி, அந்தப் பக்கம் இருப்பவர்கள்? அவர்களும் கை கொடுக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். நான் பட்டனை விடும்வரை யார் குரலும் என் செட்டுக்குள் வராது.

அப்போதுதான் நிஜமான பயம் வந்தது. யோசித்துப் பாருங்கள்... இத்தனை வயதில் அடுத்தவர் காதுபட ஒரு 'ப'வின் கடைசிவரை நான் தனியாகப் போனதே இல்லை. பாதியிலேயே யாராவது வந்து தூக்கிவிடுவார்கள். அதற்கு அப்பால் என்ன இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. பட்டனை விட்டுவிட்டால் போதும், யாராவது முடித்து வைத்துவிடுவார்கள்.

விடவில்லை.

"பாப்பா" என்றேன். பதினேழு விநாடி ஆகியிருந்தது. பட்டனை விட்டேன்.

செட்டில் லேசான இரைச்சல் மட்டும். சிரிக்கிறார்களா? பரிதாபப்படுகிறார்களா? இரண்டில் எது மோசம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

டாக்டரின் குரல் வந்தது. எல்லோரிடமும் பேசும் அதே அவசரக் குரல். "வெல்கம் ஜீ. கால்சைன் ஏக் பார் ஃபிர் ஸே. லிக் ரஹீ ஹூம்."

எழுதிக்கொண்டிருக்கிறாராம். இன்னொரு தடவை சொல்ல வேண்டுமாம். புதிதாக வருகிற எல்லோரிடமும் அப்படித்தான் கேட்பார். மூன்று ஞாயிறாக நானே கேட்டிருக்கிறேன்.

வசந்தி வாயிலிருந்து கையை எடுத்தாள். "இப்ப என்ன செய்யப் போறிய?"

பயம் துளியும் குறையவில்லை. பேனாவோடு அவர் காத்திருக்கட்டும் என்று அழுத்தினேன்.