உரிமம் எழுதாத நிரல்

மாலை நாலேகாலுக்குத் தகவல் வந்தபோது அக்கா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அலுவலக நாற்காலியிலேயே தம்பியின் உயிர் போயிருந்தது. கையிலிருந்த தாளுக்கு மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டுவிட்டுத்தான் எழுந்தாள். அழுகை வரவில்லை. காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகும் வரவில்லை.

அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பெற்றோரும் இல்லை. பகலில் சம்பளக் கணக்குக்கு மென்பொருள் எழுதுவான். வீட்டுக்கு வந்தால் வேறு வேலை: கண் தெரியாதவர்களுக்குக் கைப்பேசித் திரையைப் படித்துச் சொல்லும் நிரல். அதை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருந்தான்.

அவனோடு வேலை பார்த்த சோடாபுட்டி ஒருநாள் மடிக்கணினியோடு வந்தான்.

"அக்கா, புது போன்ல அவன் எழுதின நிரல் ஊமையாயிடுது. பார்வையற்றோர் பள்ளிக்கூடத்துல ஒருத்தர் சரிபண்ணிட்டார். ஆனா பிள்ளைங்களுக்குக் குடுக்க முடியல. லைசென்ஸ் இல்ல."

"சும்மாதானே கிடக்கு, எடுத்துக்க வேண்டியதுதானே?"

"நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். வாசல் தெறந்திருக்குன்னு உள்ள போய் மிக்சிய தூக்கிட்டு வர முடியுமா? எழுதிக் குடுக்காத வரைக்கும் அவனோடது. இப்ப உங்களோடது."

"ஏன் எழுதல?"

"பொண்ணு பாக்குற மாதிரி வருஷக்கணக்கா லைசென்ஸ் பாத்தான். நான் எம்ஐடிங்கற லைசென்ஸப் போடுன்னேன். உன் பேரையும் அந்த வாசகத்தையும் விட்டுவச்சா போதும், யாரும் எடுக்கலாம், மாத்தலாம், உள்ள இருக்கறதக் காட்டாம மூடி வச்சு விக்கவும் செய்யலாம். அவனுக்கு ஜிபிஎல்னு இன்னொண்ணுதான் புடிச்சுது. மாத்தி அடுத்தவனுக்குக் குடுத்தா, மாத்தினதையும் தெறந்து குடுத்தாகணும். கம்பெனிக்காரன் ஒருத்தனும் தொடமாட்டான்டான்னேன். தொடாட்டி போறான், உனக்கென்ன கமிஷனான்னு கேட்டான். இப்படியே பேசிப் பேசித் தள்ளிப்போட்டுட்டான்."

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவள் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடி வச்சுட்டா, உள்ள என்ன பண்ணியிருக்காங்கன்னு கேக்க முடியாதா?"

"எம்ஐடின்னா முடியாதுக்கா."

"கேட்டா பதில் சொல்லாதவன் அவன் ஒருத்தன் போதும்ப்பா. அவன் சொன்னதையே போடு."

சோடாபுட்டி மடிக்கணினியைத் திறந்தான். நிரலோடு ஜிபிஎல் வாசகத்தை ஒட்டினான். மேலே ஒரு வரியில் ஆண்டும் உரிமையாளர் பெயரும் வேண்டும். ஆண்டைத் தட்டச்சு செய்துவிட்டு மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான்.

"உங்க பேரு, அக்கா."

தன் பெயரைப் போட்டால் தம்பி இல்லை என்று தன் கையாலேயே எழுதியதாகும். விசைகளின் மேல் விரலை வைத்தாள், எடுத்தாள்.

"டீ போடறேன்" என்று எழுந்து போனாள்.

பள்ளிக்கூடம் காத்திருக்கிறது. அந்த வரியில் ஆண்டு மட்டும் இருக்கிறது.